முதலில் மாடு

எந்த எலும்பைக் கையில் வாங்கினாலும் அவர் முதலில் சொல்லும் சொல் ‘மாடு’. திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கொடுத்தவர் முகம் வாடுவதைக் கவனித்தால் சமாதானமாக இன்னொரு வாக்கியமும் வரும்.

“மொதல்ல மாடுன்னு நெனச்சுக்கோணுமுங்க. அப்புறம் அதுவே நம்மகூடச் சண்டை போட்டு, நான் மாடில்லைன்னு நிரூபிக்கட்டும்.”

ஆதி மனிதர்களின் எலும்புகளைத் தேடுவது அவர் வேலை. கோவையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. வகுப்பு இல்லாத நாட்களில் பவானி, நொய்யல், அமராவதி என்று ஆற்றோரங்களிலும் அவற்றில் வந்து சேரும் ஓடைகளிலும் குனிந்தபடி நடப்பார். பருத்திச் சேலை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ், தோள்பையில் பழைய செய்தித்தாளும் காலித் தீப்பெட்டிகளும். முப்பது வருடம் அப்படி நடந்ததில் நின்றுகொண்டிருக்கும்போதும் அவர் கழுத்து தரையை நோக்கியே இருக்கும்.

எனக்கு அவரைத் தெரிந்தது ஒன்றரை வருடம்தான். நான் அவர் மாணவி அல்ல. அரசூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். வண்டிகளுக்கான அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரே ஸ்கேனரில் சுற்றவிட்டு, உள்ளே பொத்தல் இருக்கிறதா, எங்கே, எத்தனை, என்ன வடிவம் என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. முதலாளியின் மகள் ஒருகாலத்தில் அவரிடம் படித்தவர். அந்தப் பழக்கத்தில், வேலை ஓடாத ஞாயிறு காலைகளில் அவர் எங்கள் இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது.

முதல் ஞாயிறு ஐந்து தீப்பெட்டிகளோடு வந்தார். பெட்டிகளின் மேல் எண் மட்டும்தான் இருந்தது.

“உள்ள என்ன இருக்குதுங்க மேடம்?” என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டேனுங்க அம்மணி. சொன்னா உங்க கண்ணு அதைத்தான் பாக்கும்.”

எங்கள் சூப்பர்வைசர் கோட்டைமேட்டுக்காரர். பவுண்டரி முழுக்க அவருக்குப் பெயர் பாய்தான். இயந்திரச் சாவி அவரிடம் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அவரும் வர வேண்டியிருந்தது. “டாக்டரம்மா, பிஸ்டன் வர்ற எடத்துல பல்லு வருது. இதுக்கு கேரண்டி கார்டு யார் தர்றது?” என்று கேட்டுவிட்டு டீ வாங்கப் போனார்.

ஐந்தையும் ஸ்கேன் செய்து, வார்ப்புக்கு எழுதுவதுபோலவே சுவர்த் தடிமன், அடர்த்தி, உள்வெற்றிடம் என்று அறிக்கை கொடுத்தேன். இரண்டாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரே விலங்காக இருக்கலாம் என்று அடியில் குறித்திருந்தேன். அவர் தன் நோட்டைத் திறந்து ஒப்பிட்டார். இரண்டும் ஐந்தும் ஒரே பன்றியின் பற்கள். மற்றவை குரங்கு, மான், மாடு.

“மெசினைச் சோதிச்சுப் பாத்தேனுங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உங்களையும்தான்” என்றார்.

ஆறாவது பெட்டி ஒன்று இருப்பது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது.

அதற்குள் ஒருமுறை அவரோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனேன். பல் தேய்வதை வைத்து வயது கணிப்பது அவருடைய ஆய்வில் ஒரு பகுதி. அந்தக் கணிப்பு மழுங்கிவிடக் கூடாது என்று மாதம் ஒருமுறை சந்தைக்கு வந்து தரகர்களோடு போட்டி போடுவார். கூட்டத்துக்குள் நுழைந்ததுமே ஒரு தரகர் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, போன மாசம் தோத்தது பத்தாதுங்களா?”

“இன்னைக்குக் கொம்பு வளையத்தை எண்ணிப் பாக்க மாட்டேனுங்க. பல்லு மட்டும் காட்டுங்க.”

தரகர் மாட்டின் தலையைத் துண்டால் மூடிவிட்டு வாயை மட்டும் திறந்து பிடித்தார். பேராசிரியை லென்ஸை வைத்துப் பார்த்து, விரலால் தடவி, ஏழு வயது என்றார்.

“ஒம்போதுங்க.”

“இந்தத் தேய்வுக்கு ஏழுக்கு மேல போகாதுங்களே.”

“மணலோட மேஞ்ச மாடுன்னா ஏழு. இது ஆனைமலைப் பக்கம் பச்சப்புல்லு தின்ன மாடு. பல்லு எங்கீங்க தேயும்?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “காலேஜுல இதைச் சொல்லித் தரலீங்களா?”

அவரும் சிரித்தார். நோட்டை எடுத்து அங்கேயே நின்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘பிழை: இரண்டு ஆண்டு. காரணம்: மேய்ச்சல்.’ அந்த நோட்டு முழுக்க அப்படித்தான் இருந்தது. சரியாகச் சொன்ன மாடுகள் அதில் இல்லை. தவறாகச் சொன்ன மாடுகளுக்கு மட்டும் இடம் இருந்தது.

அந்தியூர்ப் பக்கம் ஒரு விவசாயி கிணறு வெட்டும்போது ராட்சசன் எலும்பு கிடைத்ததாகக் கூப்பிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போன கதையையும் சொல்லியிருக்கிறார். ஊரே கூடி நின்றதாம். பார்த்த பார்வையிலேயே மாட்டின் தொடையெலும்பு. ஆனாலும் மண்டியிட்டு ஒரு மணி நேரம் அளந்திருக்கிறார்.

“தெரிஞ்சும் எதுக்குங்க அளந்தீங்க?”

“மாடுன்னாலும் ஒழுங்காப் பாத்து மாடுன்னு சொல்லோணுமில்லீங்க? அவ்வளவு ஆழத்துல கெடந்த மாடு அது. அவரு பாட்டனுக்குப் பாட்டன் காலத்து மாடா இருக்கும்னு சொன்னேன். அந்தக் குழிக்குப் பூப்போட்டாரு அந்த மனுசன்.”

இவ்வளவு ஜாக்கிரதை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. பதில் ஒரு ஞாயிறு பவுண்டரி கேன்டீனில் கிடைத்தது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஆப்பிரிக்காவில், வறண்டுபோன ஏரிக்கரை ஒன்றில் ஒரு குழுவோடு தோண்டப் போயிருக்கிறார். நாளெல்லாம் வெயில். கிடைப்பதில் மாட்டு இனத்துத் துணுக்குகளுக்கென்று தனிச் சாக்குப்பை. கட்டைவிரல் அளவில் அவருக்குக் கிடைத்த ஒரு துண்டையும் அந்தப் பையில் போட்டுவிட்டார். அந்தக் குழுவின் தலைவி மாட்டுப் பையைத் தினமும் சாயங்காலம் கொட்டி மறுபடி பார்க்கிறவர். அன்றும் கொட்டினார். அந்தத் துண்டை எடுத்தார். நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தாடைங்க. மனுசன் இன்னும் முழுசா மனுசன் ஆகாத காலத்துத் தாடை. லட்சக்கணக்கான வருசம். என்ற கையில இருந்துச்சு, நான் மாட்டோட சேத்துப்போட்டேன்.” டம்ளரை மேசையில் வைத்தார். “ஒருத்தர் தொப்பியைக் கழட்டினாரு. அவரைப் பாத்து எல்லாருமே கழட்டினோம்.”

“அப்போ மாடுன்னு நெனச்சதுதானே மேடம் தப்பு?”

“இல்லீங்க. மாடுன்னு நெனக்கலாம். மாட்டுப் பையை மறுபடி கொட்டிப் பாக்காததுதான் தப்பு.”

அதைச் சொன்ன அடுத்த வாரம் ஆறாவது பெட்டியைக் கொண்டுவந்தார்.

அது தீப்பெட்டி அல்ல, எவர்சில்வர் சம்படம். பஞ்சுக்கு நடுவில் எலுமிச்சை அளவில் சாம்பல் நிறக் கல்லுருண்டை. அதன் ஒரு பக்கத்தில் கடைவாய்ப்பல் ஒன்றின் மேற்பகுதி, பழுப்பேறி, வெளியே தெரிந்தது. வேர் முழுக்கக் கல்லுக்குள். பதினோரு வருடத்துக்கு முன்னால், கொடுமுடி தாண்டி ஒரு ஓடையில் மழை விட்ட மறுநாள் கண்டெடுத்தது. கூடவே ஓரம் நைந்த ஓர் அட்டை. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

1. மாடு — இல்லை.
2. பன்றி — இல்லை.
3. குரங்கு — இல்லை.
4. மனிதன், இக்காலம் — ?
5. மனிதன், ஆதி காலம் — ?
குறிப்பு: மண் அடுக்கில் இல்லை. ஓடையில் தனியே கிடந்தது.

பதினோரு வருடமாக நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் அந்தப் பல் நின்றுகொண்டிருந்தது. கல்லை உடைத்தால் பல்லும் உடையலாம் என்று தொடவில்லை. உறுதியில்லாததால் ஒரு வரிகூட எழுதி வெளியிடவும் இல்லை. ஐந்தாவது என்று ஆனால், இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பல் கிடைப்பது அதுவே முதல்முறையாக இருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மே மாதம் அவருக்குப் பணி ஓய்வு. கல்லூரியில் அவருடைய அறையில் நானூறுக்கு மேல் பெட்டிகள் இருந்தன. வாழ்நாள் முழுக்க நடந்து பொறுக்கியவை. அந்த அறையைத் தேர்வுப் பிரிவு கேட்டுக்கொண்டிருந்தது. கல்லூரி முதல்வர் அவர்மேல் மரியாதை உள்ளவர். அந்தப் பல் ஆதி மனிதனுடையது என்றால் நிர்வாகத்தில் பேசி அறையை அருங்காட்சியகமாக ஆக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் பெட்டிகள் வெளியேற வேண்டும். அவர் குடியிருந்தது சின்ன வாடகை வீடு.

உருண்டையைத் தெர்மகோலில் குழி வெட்டிப் பொருத்தி ஸ்கேனரில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் சுற்றியது. அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. பாய் கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டியது.

படம் திரையில் சேர்ந்ததும் முதலில் வேரைத் தேடினேன். கல்லுக்குள் நீளமாக இறங்கியிருக்க வேண்டிய வேர் அங்கே இல்லை. பல்லுக்கு அடியில் கரைந்துபோன குட்டை விளிம்பு மட்டும் இருந்தது.

“பால் பல்லு” என்றார். “தானா விழுந்தது. பத்துப் பதினொரு வயசுல விழற கடைவாய்ப்பல்லு.” குரலில் மாற்றம் இல்லை. “அதனால ஒண்ணுமில்லீங்க. ஆதி காலத்துக் கொழந்தைக்கும் பல்லு விழுந்திருக்குமே. கல்லைக் காட்டுங்க.”

கல்லைக் காட்டினேன். அதற்குள் நூற்றுக்கணக்கான பொத்தல்கள். என் கண்ணுக்கு அவை சரியாகப் படவில்லை.

“இது காத்து அடைச்ச பொத்தல் இல்லீங்க மேடம். காத்துன்னா உருண்டையா இருக்கும். இது எல்லாமே குழாய் மாதிரி நீளமா இருக்குது. பாருங்க, குழாய்ல நடுநடுவே கணு தெரியுது.”

“வைக்கோல் மக்கிப்போன எடம் அது.”

“கல்லுக்குள்ள வைக்கோலுங்களா?”

அவர் லென்ஸைக் கையில் உருட்டிக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். “சின்னதுல உங்களுக்குப் பல்லு விழுந்தா என்னங்க பண்ணுனீங்க?”

“அம்மா ஒரு டப்பால போட்டு வெச்சாங்க. நாங்க அப்பார்ட்மென்டுங்க.”

கதவருகே நின்ற பாய் சொன்னார். “நாங்க சாணில உருட்டி ஓட்டு மேல எறிவோம். அப்பத்தான் பல்லு நல்லா மொளைக்கும்பாங்க.”

“நானும்தானுங்க எறிஞ்சேன்” என்றார் அவர்.

லென்ஸைக் கழுத்தில் விட்டுவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தார்.

“ஓடு இல்லாம சுண்ணாம்புக் காரை போட்ட மச்சு ஊடா இருந்திருக்கும். மழைத் தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக் கரைச்சு சாணிக்குள்ள எறக்கும். நாளாக நாளாகக் கல்லாக்கிப்போடும். ஊடு இடிஞ்சு ஓடையோட வந்திருக்குது.” திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “நூறு வருசமோ எரநூறோ தெரியாது. ஆயிரக்கணக்குல இல்லீங்க.”

அப்போது அவர் கைபேசி அடித்தது. கைகளில் உறை இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். முதல்வர்.

“மேடம், நல்ல சேதிதானுங்களே? பத்திரிகைக்காரங்களை நாளைக்கே வரச் சொல்லட்டுங்களா?”

“வேண்டாமுங்க சார். பழசு இல்லீங்க. ஏதோ ஒரு கொழந்தை சாணில உருட்டி ஊட்டு மேல எறிஞ்ச பல்லு.”

முதல்வர் தணிந்த குரலில் சொன்னார். “இன்னும் முடிவாகலை, ஆய்வு நடக்குதுன்னு ஒரு வரி போட்டுக்கலாமில்லீங்க? மே மாசம் தாண்டிருச்சுன்னா ரூமை அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்காகத்தானுங்க சொல்றேன்.”

“தெரியுமுங்க சார். ஒரு வாரம் குடுங்க, ஒரு சோதனை பாக்கி இருக்குது. ஒரு வாரமுன்னா நெசமுங்க. மே மாசமுன்னா பொய்யாப்போயிரும்.”

அவர் போனை வைத்ததும் நான் ஒன்று சொன்னேன். இன்றைக்கும் அதை மறைக்க விரும்பவில்லை. பல்லை மட்டும் தனியாகப் பிரித்து அறிக்கை தர முடியும், கல்லின் பொத்தல்களைக் கேட்டால்தானே காட்ட வேண்டும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “இங்க வார்ப்புல பொத்தல் இருந்தா மறைச்சு அனுப்புவீங்களா அம்மணி?”

“மாட்டோமுங்க. பிரேக்குக்குப் போற உருப்படி. ஆள் செத்துருவாங்க.”

“நம்ம ஆளுக ஏற்கெனவே செத்தவிக. தப்பாச் சொன்னாலும் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்காகத்தானுங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கோணும். பொத்தல் படம் மொதல் பக்கத்துல வரட்டும்.”

அதன் பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லைப் பெரிதாக்கச் சொன்னார். எனாமலில் குறுக்கே ஒரு மெல்லிய பள்ளம் ஓடியது.

“இந்தக் கோட்டைப் பாருங்க. இந்தப் பல்லு தாடைக்குள்ள உருவாகிட்டு இருந்தப்ப, ஏழெட்டு மாசக் கைக்கொழந்தையா இருக்கறப்ப, பெருசா ஒரு சீக்கோ பட்டினியோ வந்திருக்குது. வளர்ச்சி நின்னுபோச்சு. அப்புறம் கோட்டுக்கு இந்தப் பக்கம் மறுபடி வளர்ந்திருக்குது.” விரல் திரையைத் தொடாமல் அந்தக் கோட்டின் வழியே போனது. “பொழச்சுக்கிச்சுங்க. பத்து வருசம் கழிச்சு, நல்ல பல்லு மொளைக்கோணுமுன்னு ஆசைப்பட்டு எறிஞ்சிருக்குது.”

தன் அறையை இழந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தாடையைக் கண்டவர்கள் தொப்பியைக் கழற்றியதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு நான்கு சாணி உருண்டைகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பன்றிப் பல் பதித்து, வெயிலில் காயவைத்து, எண் ஒட்டியிருந்தார்.

“டாக்டரம்மா, இதை உள்ள வெச்சது முதலாளிக்குத் தெரிஞ்சா என்னை உருண்டையா உருட்டி எறிவாரு” என்றார் பாய்.

“எனக்கு ஏமாத்தமான பதிலுங்கறதுக்காக, சோதிக்காமயே நம்பிப்போடலாமுங்களா பாய்?”

நான்கிலும் அதே குழாய்கள், அதே கணுக்கள். அவர் அட்டையை எடுத்தார். நான்காவது வரியின் கேள்விக்குறியை அடித்து ‘ஆம்’ என்று எழுதினார். ஐந்தாவதில் ‘இல்லை’. பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்து முதல் வரிக்குப் போனார். ‘மாடு — இல்லை’ என்பதில் ‘இல்லை’யை மட்டும் அடித்தார். பக்கத்தில் ‘உறை: மாட்டுச் சாணம்’ என்று எழுதினார்.

“பதினொரு வருசம். கடைசில மாடுதானுங்க” என்றார். பாய் சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் அறை காலியானது. நானூறு பெட்டிகளையும் பொள்ளாச்சியில் அவர் தம்பியின் கொப்பரைக் கிடங்கில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள ஏற்பாடு. கடைசி நாள் நானும் போனேன். என்னிடம் அவருக்குக் காட்ட ஒன்று இருந்தது.

அந்த ஸ்கேனை நான் வீட்டில் பலமுறை திறந்து பார்த்திருந்தேன். பல் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே, உருண்டையில் வழுவழுப்பான ஒரு குழி. பின்னால் மண் வந்து அடைத்துக் கல்லாகிவிட்டதால் வெளியே தெரியாது. அந்த இடத்தில் வைக்கோல் குழாய்கள் முறியவில்லை. குழியைச் சுற்றி வளைந்து போயின. சாணி ஈரமாக இருந்தபோது எதுவோ அழுத்தியிருக்கிறது. குழியை அடைத்த மண்ணைக் கணினியில் நீக்கிவிட்டு, உருண்டையை அதே அளவில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிசினால் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன்.

அவர் அதைக் கையில் வாங்கி லென்ஸ் வழியாகப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “விரலுங்க மேடம்” என்றேன். “பல்லை அழுத்தறப்ப பின்னாடி பிடிச்ச விரல்.”

“இருக்கலாமுங்க” என்றார். “மொதல்ல கூழாங்கல்லுன்னு நெனச்சுக்குவோம்.”

சம்படத்தின் அட்டையை எடுத்துக் கடைசி வரியாக எழுதினார். ‘பின்புறம் ஒரு குழி. காரணம் தெரியாது.’

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். காலி அலமாரிகளுக்கு நடுவே அவர் என்னைக் கவனிக்காமல் பக்கவாட்டாக ஜன்னலோரம் நின்றிருந்தார். அந்த அச்சுருண்டை வெளிச்சத்தில் இருந்தது. கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார், போகவில்லை. ஆள்காட்டி விரலும் போகவில்லை. பிறகு சுண்டுவிரலை வைத்தார். அது நகக்கண்வரை இறங்கி நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. வண்டிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அப்போதும் எடுக்கவில்லை.